நோயர் மொழியே நோயறி மொழி

(மயிலாப்பூரில் செவிலிய மாணவியரிடையே நிகழ்த்திய உரை)



திருவள்ளுவர்க்குக் கோயில் எடுத்து, அவர் பிறந்த ஊர் இதுவே என்று வழிவழியாகப் பேசிவரும் ஊர் மயிலாப்பூர். அப்பெருமகனார் 'மருந்து' என்னும் பகுதியின் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறாக்கினார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு அமையாமல், அருகிருந்து பேணுவோனை நான்காவதாக வைத்து 'உழைச்செல்வான்' என்று பெயருஞ் சூட்டினார். செவிலி என்னும் சொல்லோ தொல்காப்பியத்திலேயே ஆளப்பெற்றது. எனவே, செவிலியம் மருத்துவத்தின் வால் அன்று. அதனைத் தாங்கும் நான்கு கால்களுள் ஒன்று.

இத்துணைப் பழம்பெயர் பூண்ட செவிலியர் இன்று எம்மொழியிற் பயில்கின்றனர்? மயிலையிலும் தியாகராயர் நகரிலும் அடையாற்றிலும் மருத்துவமனைப் படுக்கையருகே நடப்பது என்ன? நோயர் தமிழில் முறையிடுகின்றார். செவிலியர் தமிழில் வினவுகின்றார். ஏட்டில் ஆங்கிலத்தில் எழுதுகின்றார். வாய்க்கும் ஏட்டுக்கும் இடையில் உதிர்ந்து போவது எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

உடலாய்வு செவிலியத்தின் முதற்படி. அதற்கு வழி நான்கு. அவற்றை ஆங்கில நூல்கள் இன்சுபெக்சன், பால்பேசன், பெர்க்கசன், ஆசுகல்டேசன் என்று அடுக்குகின்றன. தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்த மாணவி இவற்றை நெட்டுருச் செய்வதற்குள் களைத்துப் போகின்றாள். இவை என்ன, எட்டாத பொருள் உடைய சொற்களா? அல்ல. இலத்தீன் மொழியில் பார்த்தல், தொடுதல், தட்டுதல், கேட்டல் என்பனவே இவற்றின் பொருள். ஐரோப்பியர் தம் பழைய மொழியின் அடுப்பங்கரைச் சொல்லை எடுத்து அறிவியல் அரியணையில் ஏற்றினர். தமிழனோ தன் சொல்லை அடுப்பங்கரையிலேயே விட்டுவிட்டுப் பிறன் சொல்லுக்குப் பல்லக்குத் தூக்குகின்றான்!

நோக்கறிதல், தொட்டறிதல், தட்டியறிதல், கேட்டறிதல் என்று சொல்லிப் பாருங்கள். சொல்லே பாடம் நடத்தும். கீழிமையின் உட்புறம் வெளிறியிருப்பின் சோகையை ஐயுறுக; வெண்விழி மஞ்சளித்தால் காமாலையை ஐயுறுக; உதடும் நகமும் நீலம் பாய்ந்தால் உயிர்வளி குறைந்தது என்க. இவை நோக்கறிதல். காலின் அதைப்பை விரலால் அழுத்த, குழி விழுந்து அப்படியே நின்றால் உள்ளே நீர் தேங்கியுள்ளது. இது தொட்டறிதல்.

தட்டியறிதலை 1761-ஆம் ஆண்டு வியன்னா நகர மருத்துவர் அவுன்புருக்கர் நூலாக வெளியிட்டார். அவர் விடுதிக்காரர் மகன். மதுப்பீப்பாயைத் தட்டி அளவறியும் பழக்கத்திலிருந்து இம்முறையைக் கண்டார் என்பர். சந்தையிலே குடத்தைத் தட்டி வாங்கும் தமிழ்த்தாய்க்கு இது புதுமையா? காற்று நிறைந்த நுரையீரல் அதிரொலி தரும்; நீர் கோத்த இடம் மங்கொலி தரும்; வளி நிறைந்த வயிறு முழவொலி தரும். 1816-இல் பாரிசு நகரில் இலென்னக்கு என்னும் மருத்துவர் தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு பெண்ணின் நெஞ்சொலியைக் கேட்டார். அக்குழலின் வழிவந்ததே இன்று செவிலியர் கழுத்தில் தொங்கும் கேட்குழல். வயிற்றாய்வில் மட்டும் முறை மாறும் என்பதை மறவற்க: பார்த்தவுடன் கேட்டுவிட வேண்டும், தட்டுதலும் தொடுதலும் பின்னரே. முன்னரே அழுத்தினால் குடலொலி மாறிவிடும்.

சித்த மருத்துவர் எண்வகைத் தேர்வு வகுத்தனர்: நாடி, தொடுகை, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர். இவ்வெட்டனுள் 'மொழி' ஒன்றாக நிற்பதை உற்று நோக்குக. நோயரின் குரலும் பேச்சுமே ஓர் ஆய்வுக்களம் என்று கண்டவர் தமிழ் மருத்துவர்.

அம்மொழியின் செல்வத்தைக் கேளுங்கள். குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், இசிவு, பிசைவு, தெறிப்பு, மதமதப்பு: ஒவ்வொன்றும் ஒவ்வொரு நோவு. இவையனைத்தையும் 'பெயின்' என்னும் ஒரே சாக்கில் கட்டிப்போட்டால் மருத்துவர் எதைப் பிரித்தறிவார்? பட்டினப்பாக்கத்து மீனவத்தாய் ஒருத்தி, "நெஞ்சைப் பிசையுது, பாறாங்கல்லை வச்சாப்பல இருக்கு" என்று சொன்னால், அது நெஞ்சாங்குலை நோயின் முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். அதனை 'வாயு' என்று எழுதி அனுப்பினால் இழப்பது சொல்லை அன்று, உயிரை! 'மயக்கம்' என்பார் ஒருவர். தலை சுற்றிற்றா, கண் இருண்டதா, நினைவு தவறிற்றா என்று மூன்றாகப் பிரித்து வினவத் தெரிந்தவரே செவிலியர். அவ்வினாவுக்கு ஆங்கிலம் உதவாது.

அடையாற்றிலே 1954-இல் முத்துலட்சுமி அம்மையார் முயற்சியால் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. மார்பகப் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. ஆகவே "வலிக்கிறதா?" என்று மட்டும் கேட்டு அமைதல் பிழை. கட்டி கல்போற் கடியதா, நெகிழ்வானதா, விரலுக்கு நழுவுகிறதா, ஒட்டி நிற்கிறதா என்று தெளிதமிழில் கற்றுக்கொடுத்தால், பெண்கள் தாமே தம் உடலை அறிந்து காலத்தே வருவர். நாணத்தால் மறைப்பவளையும் தாய்மொழி வாய்திறக்கச் செய்யும்.

"தமிழில் மருத்துவம் பயிற்றல் ஆகுமா?" என்று உதடு பிதுக்குவோர்க்கு யாழ்ப்பாணத்து மானிப்பாய் விடை சொல்லும். 1847-இல் ஈழம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக் கிரீன், முதலில் ஆங்கிலத்திற் பயிற்றிப் பின்னர் 1864 முதல் தமிழிலேயே மேலை மருத்துவம் பயிற்றினார். பிள்ளைப்பேறு, அறுவை, உடற்கூறு முதலிய துறைகளில் தமிழ்நூல்கள் வெளியிட்டார். அவர் பயிற்றிய மருத்துவர் அறுபதுக்கும் மேற்பட்டோர். அயலவர் ஒருவர் தமிழ் கற்றுத் தமிழில் மருத்துவம் பயிற்றினார். தமிழரோ தமிழர்க்குத் தமிழில் பயிற்ற அஞ்சுகின்றனர்! 'மனுஷ அங்காதிபாதம்' என்றாற்போல அவர் நூற்பெயர்களில் வடசொல் மிக்கிருந்தது உண்மையே. அஃது அக்காலப் புலவர் வழக்கின் குறை; முயற்சியின் குறை அன்று. அவர் இட்ட கடைகாலின்மேல் தூய தமிழ்க் கட்டடம் எழுப்புவதே இக்காலத்தார் கடன்.

மாணவியரே! தேர்வு ஆங்கிலத்தில் கேட்கப்படும் வரை அச்சொற்களையும் பிழையறக் கற்றுக்கொள்ளுங்கள். அறிவில் குறை வைக்கத் தமிழ்ப்பற்று சொல்லாது. ஆயின் மூன்று செய்க. நோயர் சொன்ன சொல்லை அவர் சொன்னவாறே தமிழெழுத்தில் ஏட்டில் பதிக. கேட்ட சொற்களுக்குத் தனியே ஒரு சுவடி வைத்து நாள்தோறும் சேர்க்க. சேரியும் குப்பமும் வழங்கும் சொல்லை இழிவென்று தள்ளற்க. வீடு திரும்பும் நோயர்க்கு மருந்தும் உணவும் பற்றிய குறிப்பைத் தமிழில் எழுதித் தருக. இவற்றுக்கு அரசாணை வேண்டுவதில்லை. உறுதி ஒன்றே போதும். இவை பெருகினால், தமிழ்வழிச் செவிலியக் கல்வியை அரசு மறுக்க இயலாத நாள் தானே வரும்.

நோயர் நாவில் வாழும் தமிழ், செவிலியர் ஏட்டிலும் வாழ்க! வெல்க தமிழ்!