முகவரி சொல்வதும் ஓர் அமானிதமே

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

 

இன்று நான் மார்க்கச் சட்டம் எதனையும் விளக்குவதற்காக எழவில்லை. நம் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். அதற்குக் காரணம், என் கையால் நேர்ந்த ஒரு பிழை.

சென்ற ஆண்டு கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டிய இணைய முகவரி மிக நீளமாக இருந்தது. அதனை ஓர் இலவசச் சேவையின் மூலம் சுருக்கி, கையால் எழுதிப் பலகையில் ஒட்டினேன். அதில் ஆங்கிலச் சிறிய 'எல்' எழுத்து ஒன்று இருந்தது. பார்த்தவர்கள் அதனை 'ஒன்று' என்னும் எண்ணாகப் படித்துவிட்டார்கள். விடியற்காலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்திற்குக் கூலி வேலைக்குச் செல்லும் ஒரு தாயார், இரண்டு நாள் கூலியை இழந்து, மகளை அழைத்துக்கொண்டு கணினி மையத்திற்குச் சென்றார். இரண்டு முறையும் முகவரி திறக்கவில்லை. பின்னர் அவர் என்னிடம் வந்தபோது கடைசி நாள் கடந்திருந்தது. "எங்களுக்கு விதிச்சது அவ்வளவுதான் ஹஜ்ரத்" என்று கூறிவிட்டுச் சென்றார். என் கவனக்குறைவுக்கு அந்தத் தாயார் விதியின் பெயரைச் சூட்டியதுதான் என்னை இன்றளவும் வருத்துகிறது.

இதனைக் கேட்ட நம் இளைஞர்கள், "சுருக்க முகவரியே வேண்டாம், க்யூ.ஆர். கோடு ஒட்டிவிடுவோம்" என்றார்கள். இரண்டையும் பற்றி விசாரித்து அறிந்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

சுருக்க முகவரிச் சேவைகளில் டைனியூஆர்எல் 2002-லும், பிட்லி 2008-லும் தோன்றின. சுருக்க முகவரி என்பது பிறர் வீட்டு வாசல். நாம் அங்கே சென்று நின்றால், அவர்கள் நம்மை உரிய இடத்திற்கு அனுப்பிவைப்பார்கள். அவர்கள் கதவை மூடிவிட்டால் நம் வழியும் அடைபடும். கூகுள் நிறுவனம் 2009-இல் தொடங்கிய இத்தகைய சேவை, 2019-இல் புதிய முகவரிகள் தருவதை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில், பயன்பாடின்றிக் கிடந்த பழைய முகவரிகளையும் செயலிழக்கச் செய்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் வாசலுக்கே இந்த நிலையென்றால், பெயர் தெரியாத இலவசச் சேவையை நம்பி ஓர் அறிவிப்பை அச்சிடுவது எப்படிப் பொருந்தும்?

க்யூ.ஆர். கோடு 1994-இல் ஜப்பானின் டென்சோ குழுமத்தில், மசாஹிரோ ஹாரா என்பவர் தலைமையில், மோட்டார் வாகன உதிரிபாகங்களை அடையாளம் காண்பதற்காக உருவாக்கப்பட்டது. முழு முகவரியும் அந்தக் கட்டங்களுக்குள்ளேயே எழுதப்பட்டுவிடும். தட்டச்சுப் பிழைக்கு இடமில்லை. உயர்ந்த தரத்தில் அமைத்தால், ஏறத்தாழ 30 விழுக்காடு வரை அழிந்தாலும் படிக்க முடியும்.

ஆயினும் இரண்டு குறைகள் உண்டு. இலவசமாகக் க்யூ.ஆர். கோடு செய்து தரும் தளங்கள் பலவும், அதற்குள் தம்முடைய சுருக்க முகவரியையே வைத்துவிடுகின்றன. அவர்களின் தவணை முடிந்தால் அதுவும் திறக்காது. மேலும், அதனை மனிதக் கண் படிக்க இயலாது. உள்ளே எந்த முகவரி உள்ளது என்று பார்த்த மாத்திரத்தில் யாரும் அறிய முடியாது. 2023 ரமளான் மாதத்தில் இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரப் பள்ளிவாசல்களில், நன்கொடைக்கான கோடு இருந்த இடங்களில் ஒருவர் தம் கணக்கின் கோட்டை ஒட்டிவைத்துப் பணம் சேர்த்துப் பிடிபட்டார். தொழ வந்தவர்கள் நல்ல நிய்யத்தோடு கொடுத்த பணம் அன்னியர் கணக்கில் விழுந்தது.

அப்படியானால் எதனைத் தேர்வது? விடை நம் பிள்ளைகளின் புத்தகப் பையிலேயே உள்ளது. 2018-இல் தமிழக அரசு வெளியிட்ட புதிய பாடநூல்களில் க்யூ.ஆர். கோடும், அதன் கீழே தீக்ஷா தளத்தில் தட்டச்சு செய்யத்தக்க ஆறெழுத்துக் குறியீடும் அச்சிடப்பட்டன. கேமரா உள்ளவருக்கு அது, இல்லாதவருக்கு இது. ஒன்றை வைத்து மற்றொன்றைக் கைவிட வேண்டியதில்லை.

ஆகவே நிர்வாகத்தார்க்குச் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவதாக, பலகையிலும் துண்டறிக்கையிலும் முழு முகவரியையே கொண்ட க்யூ.ஆர். கோட்டை அச்சிட்டு, அதன் கீழே தளத்தின் பெயரையும் கடைசி நாளையும் பெரிய எழுத்தில் தர வேண்டும். சுருக்கியே தீர வேண்டுமெனில், படிக்கத்தக்க ஒரு சொல்லை நாமே தேர்ந்து அமைக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் இருவர் தத்தம் செல்பேசியில் திறந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவதாக, வாட்ஸ்அப் குழுவில் முழு முகவரியையே அனுப்ப வேண்டும். அங்கே தொட்டாலே திறக்கும். தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. எங்கே செல்கிறோம் என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

மூன்றாவதாக, நன்கொடைக்கான கோட்டைக் கண்ணாடிச் சட்டத்திற்குள் வைத்து, ஒவ்வொரு ஜும்ஆவுக்கு முன்பும் சோதிக்க வேண்டும். பணம் செலுத்துவோரும் திரையில் ஜமாஅத்தின் பெயர் வருகிறதா என்று பார்த்த பிறகே கடவு எண்ணை இட வேண்டும். பணம் பெறுவதற்குக் கடவு எண் தேவையே இல்லை என்பதை அனைவரும் நினைவில் வையுங்கள். ஏமாற்றப்பட்டால் தாமதியாமல் 1930 என்னும் எண்ணை அழையுங்கள்.

நான்காவதாக, இரண்டும் பயன்படாத முதியோரும் கூலித் தொழிலாளரும் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்காக மஃரிபுக்குப் பிறகு அரை மணி நேரம் படித்த இளைஞர் ஒருவர் பள்ளிவாசலில் அமர்ந்து விண்ணப்பங்களை நிரப்பித் தர வேண்டும். அவருடன் நானும் அமர்வேன்.

வழி கேட்டு வந்தவருக்குச் சரியான வழியைச் சொல்வது அமானிதம். பலகையில் நாம் எழுதும் முகவரியும் அத்தகையதே. இந்த ஆண்டு உதவித்தொகை அறிவிப்பு வந்ததும், அந்தத் தாயாரின் வீட்டிற்கு நானே சென்று தகவல் சொல்வதாக உங்கள் முன்னிலையில் உறுதி கூறுகிறேன். வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் அமானிதம் பேணுவோராக ஆக்கியருள்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.