புழுவின் உறக்கமும் தாயின் ஓய்வும்

கொள்ளேகாலிலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் வழியில் உள்ளது கௌதள்ளி. 1956 நவம்பர் 1 வரை கொள்ளேகால் வட்டம் சென்னை மாநிலத்தின் கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆதலின் தமிழ் இங்கே அயல்மொழி அன்று.

பட்டுப்புழு வளர்ப்பு இவ்வட்டாரத்தின் பழந்தொழில். புழுவுக்கு நாள்தோறும் பலமுறை தழையிட வேண்டும்; அதனோடு அடுப்பும் குழந்தையும் தாயின் பொறுப்பே. எனினும் கூடு கட்டுமுன் புழு நான்கு முறை தோலுரிக்கும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரு நாள் தழை தொடாது உறங்கும். அவ்வுறக்கத்தைக் கலைக்க எவரும் துணியார்.

2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணியில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் அதற்குச் செலவிடுகின்றனர். ஆடவரோ 88 நிமிடம். புழுவுக்கு அளிக்கும் ஓய்வைத் தாய்க்கு மறுத்தல் முறையாகுமா? நாளில் அரைமணி நேரத்தை உங்களுக்கென ஒதுக்குங்கள். அவ்வேளையில் அடுப்பை இல்லத்து ஆடவர் கவனிக்கட்டும்.