கால் எட்டலைன்னா வண்டியைத்தான் சரி செய்யணும்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவது வரை படித்தவள். கல்யாணத்துக்கு அப்புறம் வீடு, பிள்ளைகள், ஆடு என்று இருந்தேன். இப்போது ரெண்டு வருஷமாக, பக்கத்தில் உள்ள ஒரு சுற்றுலா இடத்தில் நம் குழு மூலமாக பேட்டரி கார் ஓட்டுகிறேன். இன்றைக்கு ஒரே ஒரு விஷயம்தான் பேச வந்தேன். அது பெடல்.

பெடலைப் பற்றி என்ன பேச்சு என்று சிரிக்காதீங்க. அந்தப் பெடலால்தான் நம்மில் மூணு பேருக்கு வேலை போக இருந்தது.

இந்த பேட்டரி கார் வெளிநாட்டில் கோல்ஃப் விளையாடுகிற மைதானத்தில் ஓடுகிற வண்டி மாதிரிதான். சத்தம் இல்லை, புகை இல்லை, கியர் இல்லை. ரெண்டே பெடல். வலது பக்கம் ஆக்சிலேட்டர், அதற்கு இடது பக்கம் பிரேக். ரெண்டையும் வலது காலால்தான் மிதிக்கணும். ஓட்டுவது சுலபம். ஆனால் உயரமான ஆள் உட்கார்ந்தால்தான் அந்த சீட்டும் பெடலும் சரியாக இருக்கும். என் உயரம் 4 அடி 10 அங்குலம். நான் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் கால் எட்டாது. கால் எட்டணும்னா சீட்டின் நுனிக்கு வரணும். நுனியில் உட்கார்ந்தால் முதுகுக்குப் பிடிமானம் இல்லை. குதிகால் தரையில் படாமல் தொங்கும். விரல் நுனியால்தான் பிரேக்கை மிதிக்க முடியும். பின்னால் வயதானவங்களும் குழந்தைகளும் உட்கார்ந்திருக்க, இறக்கத்தில் விரல் நுனியில் பிரேக் பிடிப்பது எப்படி இருக்கும், நீங்களே நினைச்சுப் பாருங்க.

பயிற்சி முடிந்த எட்டுப் பேரில் மூணு பேருக்கு இதே கஷ்டம். அங்கே மேற்பார்வை பார்த்தவர், "உயரமான பொம்பளைங்களா பார்த்து அனுப்புங்கம்மா" என்று சொல்லிவிட்டார். அந்த மூணு பேரில் ஒரு தங்கச்சி, இந்தச் சம்பளத்தை நம்பித்தான் குழுக் கடன் தவணையே கட்டிக்கிட்டு இருந்தாள். "நான் குள்ளமாப் பொறந்தது என் தப்பாக்கா?" என்று கேட்டாள். தையல் மெஷினில் கால் எட்டலைன்னா ஸ்டூலைத்தானே மாத்துறோம்? தைக்கிறவளை வீட்டுக்கு அனுப்புறோமா? இதைத்தான் நாங்கள் குழுக் கூட்டத்தில் வைத்தோம்.

முதலில் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னாங்க. சீட்டு மேல் ஒரு தலகாணி போட்டுக்கோ என்றாங்க. அது ரோடு தெரிய உதவும். ஆனால் உடம்பு மேலே போகப் போக, பெடல் இன்னும் தூரமாகத்தான் போகும். இன்னொருத்தர், பெடல் மேல் ஒரு மரக்கட்டையை வைத்து சைக்கிள் டியூபால் கட்டிவிடலாம் என்றார். இது ரொம்ப ஆபத்து. டியூப் நாளாக நாளாக இளகும். கட்டை நழுவி பிரேக்குக்கு அடியில் மாட்டினால், எவ்வளவு மிதிச்சாலும் பிரேக் இறங்காது. இதே காரணத்துக்காகத்தான் தண்ணி பாட்டில், செருப்பு எதையும் கால் வைக்கிற இடத்தில் போடக் கூடாது.

தடிமனான அடிப்பாகம் உள்ள செருப்பு போட்டுக்கோ என்றும் சொன்னாங்க. அதில் எவ்வளவு அழுத்துகிறோம் என்று பாதத்துக்கே தெரியாது. தட்டையாக, பின்னால் வார் வைத்த செருப்புதான் நல்லது. சேலைக் கொசுவம் பெடலில் மாட்டாதபடி செருகிக்கணும்.

கூட்டத்தில் தீர்மானம் போட்டு, கூட்டமைப்பு மூலம் எழுதிக் கொடுத்தோம். வண்டி விற்ற கம்பெனியிலிருந்து மெக்கானிக் வந்தார். நம் தையல் அக்கா இஞ்ச் டேப்போடு வந்தார். ஒவ்வொருத்தரையும் முதுகு சாய்த்து உட்கார வைத்து, பிரேக்கை முழுசாக மிதிக்கச் சொல்லி அளவு எடுத்தோம். முழுசாக மிதித்த பிறகும் முட்டி கொஞ்சம் மடங்கியே இருக்கணும். கால் விறைப்பாக நீண்டுவிட்டால் எட்டவில்லை என்றுதான் அர்த்தம்.

மூணு வேலை செய்தோம். சுலபமானதை முதலில் செய்தோம்.

ஒண்ணு, முதுகுக்குக் குஷன். மெத்தென்று இருந்தால் பிரேக் மிதிக்கும்போது உடம்பு பின்னால் அமுங்கிப் போகும், கால் மறுபடியும் எட்டாது. அதனால் கெட்டியான ஃபோம், 3 அங்குலம், மேலே ரெக்சின். நம் உறுப்பினர்களே தைத்தாங்க. சீட்டுக்குப் பின்னால் சுற்றி இறுக்குகிற மாதிரி ரெண்டு பட்டை. உயரமானவங்க ஓட்டும்போது கழற்றி வைத்துவிடலாம். முன்னால் தள்ளி உட்கார்ந்தாலும், வயிற்றுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கணும்.

ரெண்டு, குதிகால் பலகை. நம் பாதம் சின்னது. குதிகால் தரையில் இருந்தால் விரல் பகுதி பெடலுக்கு எட்டாது. அதனால் குதிகால் வைக்கிற இடத்தில் ஒன்றரை அங்குலப் பலகை, மேலே வழுக்காத ரப்பர். அது தரையோடு போல்ட்டு போட்டு இறுக்கியது. பெடல் இறங்குகிற வழியில் பலகை ஒரு நூல்கூட நீட்டக் கூடாது. தொடை ஸ்டீயரிங்கில் இடிக்கிறதா என்றும் பார்த்துக்கணும்.

இந்த ரெண்டிலேயே எனக்கும் இன்னொரு அக்காவுக்கும் சரியாகிவிட்டது. அந்தத் தங்கச்சிக்கு மட்டும் மூணாவது வேலை தேவைப்பட்டது. பெடல் மேல் அலுமினியப் பட்டை வைத்து உயர்த்துவது. இதை மெக்கானிக்தான் செய்யணும், நம் ஊர் வெல்டிங் பட்டறையில் செய்யக் கூடாது. ஏன் என்று அவர் சொன்னதைச் சொல்கிறேன். பிரேக், ஆக்சிலேட்டர் ரெண்டையும் ஒரே அளவு உயர்த்தணும். ஒன்றை மட்டும் உயர்த்தினால், அவசரத்தில் கால் ஒரு பெடலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது தடுக்கும். கனமான இரும்பு வைத்தால் ஸ்பிரிங்கால் பெடலை முழுசாக மேலே தூக்க முடியாது. ஆக்சிலேட்டர் தானாகவே கொஞ்சம் அமுங்கி நிற்கும், வண்டி நகரும். பிரேக் முழுசாகப் பிடிப்பதற்கு முன்னால் பட்டை தரையில் முட்டவும் கூடாது.

சீட்டையே முன்னால் நகர்த்தலாமே என்று நாங்கள் கேட்டோம். எங்கள் வண்டியில் சீட்டுக்கு அடியில்தான் பேட்டரியெல்லாம் இருக்குது, மொத்தம் 48 வோல்ட்டு. அங்கே நாமாக ஓட்டை போடக் கூடாது என்றார். பழைய வண்டி ஒன்றில் பெடல் தேய்ந்திருந்தது. அதில் பட்டை மாட்டவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாங்களும் வற்புறுத்தவில்லை. அந்த வண்டியை உயரமானவங்களுக்கு விட்டோம். பட்டை மாட்டிய வண்டியில் "பெடல் உயர்த்தப்பட்டது" என்று பெரிசாக எழுதி ஒட்டினோம். தெரியாமல் வேறு ஆள் ஏறி ஓட்டிவிடக் கூடாது இல்லையா?

வேலை முடிந்ததும் உடனே ஆள் ஏற்றவில்லை. சாவியை அணைத்துவிட்டு ஒவ்வொரு பெடலையும் பத்துத் தடவை மிதித்து, முழுசாக மேலே வருகிறதா என்று பார்த்தோம். அப்புறம் காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டினோம். கடைசியில் இறக்கத்தில் நிறுத்திப் பார்த்தோம். இப்பவும் தினமும் காலையில் பட்டையையும் பலகையையும் கையால் ஆட்டிப் பார்த்த பிறகுதான் சாவி போடுகிறோம். ஆடினால் அன்றைக்கு அந்த வண்டி ஓடாது.

மூணு பேரும் இன்றைக்கும் வேலையில் இருக்கோம். குஷனுக்கும் பலகைக்கும் ஆன செலவை பொது நிதியிலிருந்து எடுத்தோம். அந்தத் தங்கச்சி தவணையை நிறுத்தவில்லை. மேற்பார்வை பார்க்கிறவரும் இப்போது புது ஆள் வந்தால், "முதல்ல உட்கார்ந்து பாருங்கம்மா, கால் எட்டுதா?" என்றுதான் கேட்கிறார்.

கடைசியாகக் கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். நாளைக்கு நாம் இன்னொரு பேட்டரி கார் வாங்கலாம், மாவு மில் வைக்கலாம், குப்பை வண்டி எடுக்கலாம். எதை வாங்கினாலும், பணம் கட்டுவதற்கு முன்னால் நம் குழுவிலேயே குள்ளமான உறுப்பினரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. அவரை அதில் உட்கார வைங்க, மிதிக்கச் சொல்லுங்க. அவருக்கு எட்டலைன்னா, அதை எப்படிச் சரி செய்து தருவீங்க என்று விற்கிறவரிடம் கேட்டு எழுதி வாங்குங்க. சரி செய்ய முடியாது என்றால் வேறு கடை பாருங்க.