ஒரு கிளார்க்கின் இன்க்ரிமென்ட்டும் 29-ஆம் பிரிவும்

குயிலாப்பாளையத்திலிருந்து பேசுறேன். ஈசிஆர்ல பாண்டிச்சேரி வர்றவங்களுக்கு இந்த ரூட் மனப்பாடமா தெரியும். மரக்காணம் உப்பளம் தாண்டினா கொஞ்ச தூரத்தில் கீழ்புத்துப்பட்டு. அங்கே ஒரு இலங்கைத் தமிழர் முகாம் இருக்கு. அது ஏன் அங்கே இருக்குன்னு கேட்டா, 1983 கலவரம்னு சொல்வாங்க. கொஞ்சம் படிச்சவங்க 1956, 'சிங்களம் மட்டும்' சட்டம்னு சொல்வாங்க. ரெண்டும் சரிதான். ஆனா இன்னைக்கு நான் 1948-க்குப் போகப் போறேன். இலங்கை சுதந்திரம் வாங்கின அதே வருஷம்.

அந்த நாட்டின் முதல் ஆட்சிமுறைக்கு சோல்பரி அரசியலமைப்பு என்று பெயர். சோல்பரி பிரபு தலைமையிலான ஆணைக்குழு பரிந்துரைத்தது. பிரதமர், அமைச்சரவை, இரண்டு அவைகள் எல்லாம் அப்படியே வெஸ்ட்மின்ஸ்டர் மாடல். பலரும் இது நல்லா ஓடும்னுதான் நம்பினாங்க. 1931-லேயே ஆண், பெண் இருவருக்கும் ஓட்டு கொடுத்த நாடு அது. நமக்கு அது வர்றதுக்கு இன்னும் 20 வருஷம் ஆச்சு.

சிறுபான்மையினரின் பயம் அப்பவே இருந்தது. ஜி.ஜி. பொன்னம்பலம் சட்டமன்றத்தில் பாதி இடம் சிங்களருக்கு, பாதி மற்ற எல்லாருக்கும்னு கேட்டார். 'ஐம்பதுக்கு ஐம்பது' என்பார்கள். ஆணைக்குழு அதை ஏற்கவில்லை. அதற்குப் பதிலா வைத்த பாதுகாப்புதான் 29(2). ஒரு இனத்தாருக்கோ மதத்தாருக்கோ மட்டும் பாதகமான சட்டத்தையோ, ஒருத்தருக்கு மட்டும் சலுகை தரும் சட்டத்தையோ நாடாளுமன்றம் இயற்றக் கூடாது. இயற்றினால் செல்லாது. படிக்க பலமாத்தான் இருக்கு. ஆனா நம்ம சட்டத்தில் இருக்கிற மாதிரி தனிமனித அடிப்படை உரிமைகள்னு ஒரு பகுதி அதில் கிடையாது. மொத்த சுமையும் இந்த ஒரு பிரிவின் தலையில்.

முதல் சோதனை சில மாதத்திலேயே வந்தது. 1948-ன் குடியுரிமைச் சட்டம். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நம்ம ஊர்களிலிருந்து போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருந்தாங்க. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடம் ஜெயித்திருந்தது. புதுச் சட்டம் என்ன சொன்னதுன்னா, இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது; உன் அப்பாவும் இங்கே பிறந்திருக்கணும், இல்லைன்னா அப்பா வழித் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கணும். லயத்தில் பிறந்தவர் தாத்தாவின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவார்? ஏறக்குறைய 7 லட்சம் பேர் நாடற்றவர் ஆனாங்க. 1949-ல் இன்னொரு சட்டம்: குடிமக்களுக்கு மட்டுமே ஓட்டு. 1952 தேர்தலில் அந்த 7 இடத்தில் ஒன்றுகூட அவர்களுக்கு வரவில்லை.

இந்த இடத்தில் ஒரு கணக்கைக் கவனிங்க. தொகுதிகளுக்கான மக்கள்தொகையில் தோட்டத் தொழிலாளர்களும் எண்ணப்பட்டார்கள். ஓட்டுப்போடத்தான் முடியாது. அப்போ அந்தத் தொகுதியின் பலம் யாருக்குப் போகும்? மிச்சம் இருக்கிற வாக்காளர்களுக்கு. பெரும்பான்மை இன்னும் பெரிய பெரும்பான்மையா ஆச்சு.

29(2) என்ன பண்ணிச்சு? கோடக்கன் பிள்ளை என்பவர் வழக்குப் போட்டார். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போச்சு. 1953-ல் தீர்ப்பு: தன் குடிமக்கள் யார் என்று தீர்மானிப்பது நாடாளுமன்றத்தின் இயல்பான அதிகாரம், இந்தச் சட்டம் எந்த இனத்தையும் குறிவைக்கவில்லை. உண்மைதான், சட்டத்தில் 'தமிழர்' என்ற வார்த்தையே கிடையாது. பிறந்த இடம், அப்பா, தாத்தா, அவ்வளவுதான். என் பார்வையில் சோல்பரி அரசியலமைப்பு அன்றைக்கே தோற்றுவிட்டது. மீதி 19 வருஷம் அது நடமாடிக்கிட்டு இருந்தது, அவ்வளவுதான்.

பொன்னம்பலம் அந்த 1948-லேயே அரசில் அமைச்சரானார். செல்வநாயகம் பிரிந்து போய் 1949-ல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். மலையகத் தமிழரின் உரிமை போனா அடுத்தது நாமதான் என்பது அவர் வாதம். ஏழே வருஷத்தில் 1956 வந்தது. சிங்களமே ஒரே ஆட்சிமொழி.

இப்போ அந்த கிளார்க்குக்கு வருவோம். கோடீஸ்வரன், அரசு எழுத்தர், தமிழர். வேலைக்குச் சேர்ந்தபோது சிங்களம் தெரியணும்னு யாரும் கேட்கவில்லை. பிறகு சிங்களத் தேர்ச்சி கட்டாயம்னு சுற்றறிக்கை வந்தது, அவருடைய இன்க்ரிமென்ட்டை நிறுத்திட்டாங்க. அவர் கோர்ட்டுக்குப் போனார். 1964-ல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் ஆட்சிமொழிச் சட்டமே 29-ஐ மீறுவதால் செல்லாதுன்னு தீர்ப்பு கொடுத்தது. யோசிச்சுப் பாருங்க, ஒரு சம்பள உயர்வு வழக்கில் நாட்டின் மிகப் பெரிய அரசியல் சட்டம் கவிழ்கிறது.

அரசு மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றம் மொழியைத் தொடவே இல்லை. சம்பளத்துக்காக அரசு ஊழியர் அரசின் மேல் வழக்குப் போட முடியாதுன்னு 1967-ல் முடித்துவிட்டது. பிரிவி கவுன்சில் 1969-ல் அதை மறுத்தது: போடலாம், மொழிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லுங்கன்னு கொழும்புக்கே திருப்பி அனுப்பியது.

இதற்கிடையில் 1964-லேயே வேறொரு வழக்கில், 29(2)-ஐ மாற்றவே முடியாது என்ற தொனியில் பிரிவி கவுன்சில் பேசியிருந்தது. 1970-ல் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பலத்தோடு வந்த ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க அரசு, திருத்துற வேலையே வேண்டாம்னு தனியா ஒரு அரசியல் நிர்ணய சபையைக் கூட்டியது. வரைவுப் பொறுப்பு கொல்வின் ஆர். டி சில்வாவிடம். 1956-ல் ஒரு மொழி என்றால் நாடு இரண்டாகும்னு எச்சரித்த அதே இடதுசாரி! மொழி பற்றிய திருத்தங்கள் எடுபடாமல் போனதும் தமிழரசுக் கட்சி 1971-ல் சபையிலிருந்து விலகியது. பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடும் அந்த வருஷமே போனது.

1972 மே 22-ல் புதிய குடியரசு அரசியலமைப்பு அமலுக்கு வந்தது. சிங்களம் ஆட்சிமொழி என்பது இப்போ அரசியலமைப்பிலேயே இருந்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம். அடிப்படை உரிமைகள்னு ஒரு பட்டியல் வந்தது. ஆனா நிறைவேறிய சட்டத்தை ரத்து செய்யும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு இல்லை. 29(2) அதில் இல்லை.

கோடீஸ்வரன் கேட்ட கேள்விக்கு எந்த உச்ச நீதிமன்றமும் பதில் சொல்லவில்லை. மலையகத்தில் நாடற்றவர்களா மிஞ்சியவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003-ல்தான் வந்தது.