மண்ணுக்குள் மறைந்த பாதி



சேலம் சந்திப்பு இரயில் நிலையம் அமைந்திருக்கும் சூரமங்கலத்தில், என் வீட்டுத் தோட்டத்தில், ஐந்து மீட்டர் உயரமுள்ள அலுமினியக் குழாய் ஒன்று நிற்கிறது. வழிப்போக்கர் அதனை இடிதாங்கி என்று எண்ணுவதுண்டு. அஃது இடிதாங்கியன்று. தேர்வெழுதி அரசாங்க உரிமம் பெற்ற வானொலி ஆர்வலர்கள், அதாவது 'ஹாம்' எனப்படுவோர், தொலைவிலுள்ளாருடன் உரையாடுவதற்குரிய ஏரியல் அது.

இதனை வெறும் பொழுதுபோக்கென்று எண்ணிவிடலாகாது. 1924ஆம் ஆண்டில் கிருஷ்ணசாமி செட்டியாரும் அவர்தம் நண்பர்களும் நிறுவிய சென்னை மாகாண வானொலிக் கழகம் நம் நாட்டு ஒலிபரப்பின் முன்னோடிகளுள் ஒன்று. பணமுடையால் 1927இல் அது நின்றது. அதன் கருவியைப் பெற்ற சென்னை மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபொழுது, போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையார், தம் ஆர்வலர் நிலையத்தின் வாயிலாக அங்குள்ளோரின் செய்திகளை வெளியுலகுக்கு எட்டச் செய்தார். இத்தகைய நாள் எப்பொழுது வருமென்று யாரும் அறியார். ஆதலின் ஏரியல் என்றும் செம்மையாக இருத்தல் வேண்டும்.

ஒரு கோடையில் அடித்த சூறைக்காற்றில் தென்னை மட்டை ஒன்று விழுந்து என் குழாயை வளைத்துவிட்டது. புதுக்குழாய் பொருத்தினேன். கருவியிலிருந்து ஏரியலுக்குச் செல்லும் ஆற்றலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் மானி ஒன்று உண்டு. அதன் முள் மிக நல்ல அளவைக் காட்டிற்று. மகிழ்ந்தேன். ஆனால், தில்லியிலும் கல்கத்தாவிலும் உள்ள நண்பர்களோ, "உங்கள் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது" என்றனர். மானியை நம்பிய நான், பத்து நாட்கள் வரையில் வான்நிலையையும் அவர்களுடைய கருவிகளையும் குறை கூறிக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் பயிலும் என் பழைய மாணவன் ஒருவன் அப்பொழுது வந்தான். "ஐயா, மண்ணுக்குள் இருக்கும் கம்பிகளைப் பார்த்தீர்களா?" என்று பணிவாகக் கேட்டான்.

"மானி நன்று என்கிறதே, தம்பி!" என்றேன்.

"அதுதான் ஐயா, எனக்கு ஐயமாக இருக்கிறது" என்றான்.

நிமிர்ந்து நிற்கும் குழாய் ஏரியலின் ஒரு பாதியே. மறுபாதி, அதன் அடியிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல நாற்புறமும் மண்ணில் பரவிச் செல்லும் செப்புக் கம்பிகள். மின்னோட்டம் திரும்பி வருவதற்கு அவையே வழி. அவை இல்லையேல், காய்ந்த செம்மண் ஆற்றலை விழுங்கி வெப்பமாக்கிவிடும். பெரிய ஒலிபரப்பு நிலையங்களுக்கு 120 கம்பிகள் நன்று என்று 1937இல் பிரௌன், லூயிஸ், எப்ஸ்டீன் ஆகிய மூவர் ஆராய்ந்து கூறினர். நான் புதைத்திருந்தவை பதினாறு.

தோண்டிப் பார்த்தோம். தோட்டத்திற்குத் தண்ணீர்க் குழாய் பதித்தபொழுது வெட்டிய வாய்க்கால், பன்னிரண்டு கம்பிகளை அறுத்திருந்தது!

அப்படியானால் மானி பொய் சொன்னதா? இல்லை. இத்தகைய ஏரியலின் இயல்பான தடை ஏறத்தாழ 36 ஓம். கேபிள் எதிர்பார்ப்பதோ 50 ஓம். மண்ணின் இழப்பு 14 ஓம் சேர்ந்தால் கணக்குச் சரியாகிவிடும். ஆற்றல் திரும்பி வரவில்லை, உண்மைதான். வானுக்கும் முழுமையாகச் செல்லவில்லை. மண்புழுக்களுக்கே நான் பேசிக்கொண்டிருந்தேன்!

அறுந்த கம்பிகளின் முனைகளைச் சுரண்டித் துலக்கி, முறுக்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்தோம். செம்பும் அலுமினியமும் நேரே தொட்டால் ஈரத்தில் அரித்துப் போகும். ஆகவே இடையில் துருப்பிடிக்காத எஃகு வில்லையை வைத்தோம். மழைநீர் புகாதபடி கேபிள் முனையைச் சுற்றிக் கட்டினோம். பிறகு மானியைப் பார்த்தால், திரும்பி வரும் ஆற்றலின் அளவு முன்னைவிடச் சற்றுக் கூடியே இருந்தது! ஆனால் தில்லி நண்பரோ, "இப்பொழுது எதிரில் அமர்ந்து பேசுவதுபோல் இருக்கிறது" என்றார்.

காற்று வீசுமுன் இருந்த பழைய அளவை நான் குறிப்பேட்டில் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் முதல் நாளே ஐயுற்றிருப்பேன். மாணவர்களே, நீங்கள் இப்பணியில் இறங்கினால் மின்சாரக் கம்பிகளுக்கு அருகில் குழாயை நிறுத்தாதீர்கள். இடி முழங்கினால் கருவியைத் தொடாதீர்கள். அளவுகளை நாள்தோறும் எழுதி வையுங்கள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மதிப்பெண்ணைப் பார்த்து மாணவரை மதித்தவன் நான். மானியின் முள் ஒரு கேள்விக்கு மட்டுமே விடை தரும் என்பதை, ஓய்வு பெற்ற பின்னர் என் மாணவனே எனக்குக் கற்பித்தான். அவனுக்கு என் நன்றி.