எல்லைக்கோட்டுக்கு இருபுறமும் ஒரே குடி

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் உருவானபோது, ஆனைமலைத் தொடரின் மீது ஓர் எல்லைக்கோடு விழுந்தது. தேவிகுளமும் பீருமேடும் எந்த மாநிலத்துக்கு உரியவை என்று அக்காலத்தில் நடந்த நெடிய வழக்காடலில் தேயிலைத் தோட்டங்களும் ஆற்றுநீரும் தோட்டத் தொழிலாளரின் எண்ணிக்கையும் எடைபோடப்பட்டனவே தவிர, தோட்டங்கள் வருவதற்கு முன்பே அந்தக் காடுகளில் குடியிருந்த காடர், மலசர், முதுவர் ஆகிய தொல்குடிகள் அந்தப் பேச்சின் நடுவே வரவில்லை. அந்தக் கோடு இன்றும் அவர்களுடைய அன்றாடத்தை எவ்வாறு அறுக்கிறது என்பதே இந்த அவையின் முன் வைக்கப்படும் செய்தி.

பாலக்காடு மாவட்டத்தின் பரம்பிக்குளத்திலிருந்தே தொடங்கலாம். அங்குள்ள காடர், மலசர், மலைமலசர், முதுவர் குடியிருப்புகள் கேரளத்தின் முதலமடைப் பஞ்சாயத்துக்கு உட்பட்டவை. ஆயினும் அக்குடிகளில் ஒருவர் தம் சொந்தப் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வண்டியில் செல்ல வேண்டுமானால், டாப்ஸ்லிப், சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் இறங்கி, இரு மாநில வனத்துறைகளின் சோதனைச்சாவடிகளையும் கடந்து, மீண்டும் கேரளத்துக்குள் நுழைய வேண்டும். 2020-இல் கொள்ளைநோய்க்கு அஞ்சி மாநில எல்லைகள் மூடப்பட்டபோது இந்தச் சுற்றுவழியும் அடைபட்டது. அவ்வாண்டு அக்டோபரில் தேக்கடிக் குடியினர் (இது இடுக்கியின் புகழ்பெற்ற தேக்கடி அன்று, பரம்பிக்குளத்தை அடுத்த வேறொரு தேக்கடி) செம்மணாம்பதிக்குக் காட்டுவழி அமைக்கத் தாங்களே மண்வெட்டி எடுத்து இறங்கினார்கள். சாலை கேட்டு மனுக் கொடுத்துச் சலித்தவர்களின் கடைசி மனு அது.

அதே பரம்பிக்குளத்தில் நீருக்கு இத்தகைய இடர் ஏதுமில்லை என்பதை அவையோர் எண்ணிப் பார்க்க வேண்டும். அணை கேரள மண்ணில் நிற்கிறது. அதை இயக்குவது தமிழ்நாடு. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்காக 1970-இல் இரு மாநிலங்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி நீர் மலையைக் குடைந்த சுரங்கங்களின் வழியே கிழக்கே பாய்ந்து கொங்கு வயல்களை நனைக்கிறது. நீரைப் பங்கிட உட்கார்ந்து பேசிய இரு அரசுகளும், அந்த நீர்த்தேக்கத்தின் கரையில் வாழும் மனிதரின் போக்குவரவுக்கு அதுபோன்ற ஓர் உடன்பாட்டை எழுதியிருக்கலாம்.

இதனினும் ஆழமான வெட்டு அரசுப் பட்டியல்களில் இருக்கிறது. பழங்குடிகளுக்குள்ளும் மக்கள்தொகை குன்றிய, கல்வியும் நிலையான வருவாயும் எட்டாத குழுக்கள் 75-ஐ 'தனித்து நலிவுற்ற பழங்குடிக் குழுக்கள்' என இந்திய அரசு வகுத்துள்ளது. 2023-இல் தொடங்கிய ஜன்மன் திட்டத்தின் வீடுகளும் சாலைகளும் இக்குழுக்களுக்கே உரியவை. பட்டியல் மாநில வாரியானது என்பதால், கேரளத்தில் காடர் இதில் இருக்கிறார்கள், தமிழ்நாட்டில் இல்லை. இருளர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள், அட்டப்பாடி உள்ளிட்ட கேரளப் பகுதிகளில் இல்லை. ஆகவே, பரம்பிக்குளத்துக் காடர் பெண்ணொருத்தி ஆனைமலையின் தமிழ்நாட்டுப் பக்கத்துக் காடர் குடிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனால், புகுந்த வீட்டில் அவளுடைய குடி நலிவுற்ற குழுவாக எண்ணப்படுவதில்லை. காடும் உறவும் பசியும் ஒன்றாக இருக்க, ஏட்டில் மட்டும் அவள் வேறொருத்தி ஆகிறாள். இது திருத்தப்பட வேண்டிய அநீதி.

காடர் என்ற சொல்லுக்குக் காட்டை உடையவர் என்று பொருள் கொள்ளலாம். அவர்களுடைய நூறாண்டு வரலாறோ காட்டுக்குள்ளேயே இடம் மாற்றப்பட்ட வரலாறு. தேக்கு மரங்களைச் சாலக்குடிக்கு இறக்கக் கொச்சி அரசு அமைத்து 1907 முதல் 1963 வரை ஓடிய காட்டு டிராம் பாதையும், பின்னர் எழுந்த அணைகளும், அதன்பின் வந்த சரணாலயமும், 2010-இல் அறிவிக்கப்பட்ட புலிகள் காப்பகமும் ஒவ்வொன்றாக அந்தக் காட்டின் மீது உரிமை கோரின.

இடுக்கியின் வடகோடியில் இருக்கும் இடமலைக்குடி, முதுவர்களின் ஊர்த்தொகுதி. மூணாறு பஞ்சாயத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தாக அது அமைந்தது. அதன் பின்னும் பல ஆண்டுகள் நோயாளிகளைக் கம்பில் துணிகட்டித் தோளில் சுமந்தே பெட்டிமுடிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. மதுரையிலிருந்து பிள்ளைகளை முதுகில் சுமந்து மலையேறியதால் முதுவர் என்று பெயர் பெற்றதாக அவர்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். அவர்களுடைய பேச்சு தமிழுக்கு மிக நெருங்கியது: ஊருக்குக் குடி, தலைவருக்குக் காணி, மணமாகாத இளைஞர் இரவில் கூடித் தங்கும் பொதுவீட்டுக்கு இளந்தாரிமடம், கன்னியருக்குரியதற்குக் குமரிமடம். மூத்தோரிடமிருந்து காட்டறிவையும் குடியின் முறைகளையும் இளையோர் கற்கும் கூடங்கள் இவை. மாதவிலக்கு நாள்களில் பெண்களைத் தனிக்குடிலில் ஒதுக்கும் வழக்கமும் அதே வாழ்வின் பகுதிதான். அதன் சுமையை மறைத்துவிட்டுக் குடிவாழ்வைப் புகழ்வது நேர்மையாகாது, அதை மாற்றும் உரிமையோ அக்குடியின் பெண்களுக்கே முதலில் உண்டு. முதுவர் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது மலையாளத்தில். வீட்டில் பேசும் மொழிக்குத் தனி எழுத்து இல்லை.

அந்த இடமலைக்குடியின் இருப்புக்கல்லுக் குடியில் பி.வி. சின்னத்தம்பி என்பவர் தம் தேநீர்க்கடையில் ஒரு நூலகம் நடத்திவந்தார். பத்திரிகையாளர் சாய்நாத் 2014-இல் அதைப் பற்றி எழுதியபோது அங்கிருந்தவை 160 நூல்கள். முந்தைய ஆண்டில் 37 முறை நூல்கள் இரவல் போயிருந்தன என்பதைச் சின்னத்தம்பியின் பதிவேடு காட்டியது. அந்த அடுக்கில் இளங்கோவின் சிலப்பதிகாரமும் இருந்தது. மதுரையைத் தம் பூர்வீகம் என்று சொல்லும் மக்களின் காட்டில், கோவலனும் கண்ணகியும் மதுரைக்கு நடந்து வந்த கதை மலையாள மொழிபெயர்ப்பில் இருந்தது.