ஒரு முழு, ஒரு அரை

தலைப்பு: மனிதனை நல்ல வழியில் நடக்க வைப்பது பயமா? பாசமா?

"பாசமே" என்ற அணியில் பேசியவர்: செஞ்சியைச் சேர்ந்த பேருந்து நடத்துனர்



நான் செஞ்சிக்காரன். ராஜா தேசிங்கு ஆண்ட செஞ்சி. தொழில், கண்டக்டர். முப்பது வருஷமா "உள்ள போங்க, முன்னால நகருங்க"ன்னு கத்திக் கத்தி ஊரையே நகர்த்தினவன். ஆனா என்னோட உடம்புல முன்னால நகர்ந்தது எது தெரியுங்களா? வயிறு மட்டும்தான்! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய பேங்க் மேனேஜர் ஐயா சொன்னார், "பயம் இருந்தாத்தான் மனுஷன் ஒழுங்கா இருப்பான். சர்க்கரை வந்துடுச்சுன்னு டாக்டர் சொன்னாத்தான் வாக்கிங் கிளம்புவான்" என்று. ஐயா, எனக்குச் சர்க்கரை வந்தது 2016-ல். அப்போ வயசு 49. ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு டாக்டர் அடுக்கினார். "இப்படியே விட்டா கண்ணு போகும், கிட்னி போகும், கால் போகும்." நான் கேட்டேன், "சார், எது எது எந்த ஸ்டாப்பிங்ல இறங்கும்னு சொன்னீங்கன்னா..." (பலத்த சிரிப்பு)

அன்னைக்கு வீட்டுக்கு வந்து பயத்துல தூங்கலை. மறுநாள் காலையில அஞ்சு மணிக்கு எழுந்து நடந்தேன். எத்தனை நாள் நடந்தேன்? பதினோரு நாள். பன்னிரண்டாவது நாள் டீக்கடையில உட்கார்ந்து, "மாஸ்டர், சர்க்கரை கொஞ்சம் தூக்கலா" என்று சொல்லிக் கொண்டிருந்தேன். பயத்துக்கு அவ்வளவுதாங்க ஆயுசு.

2023-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, நம்ம நாட்டில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று சொன்னது. அத்தனை பேரையும் யாராவது ஒரு டாக்டர் பயமுறுத்தித்தான் அனுப்பியிருப்பார். பயம் ஒன்றே போதும் என்றால், விடியற்காலையில் எங்களுக்கு பஸ் ஓட்ட ரோட்டில் இடமே இருக்காதே! அத்தனை பேரும் அங்கே நடந்துகொண்டு இருப்பார்களே! (கைதட்டல்)

நடுவர்: அப்புறம் உங்களை நடக்க வச்சது யாருங்க?

சொல்றேன் ஐயா. அதுக்குத்தான் வந்தேன்.

2018-ஆம் வருஷம். நமக்குத் திருவண்ணாமலை - சென்னை வண்டி. இருட்டு பிரியறதுக்கு முன்னாலேயே செஞ்சிக்கு வந்துடுவோம். அங்கே ஒரு தாயும் ஆறு வயசுப் பெண் குழந்தையும் ஏறுவார்கள். குழந்தை தலையில் ஒரு முடி கிடையாது. குல்லா போட்டிருக்கும். அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. ரத்தத்துல புற்றுநோய். அந்தம்மா ஏறினதும் சொல்லும், "ஒரு முழு, ஒரு அரை அண்ணா." குழந்தை டிக்கெட்டை வாங்கி எண்ணைப் படிக்கும். கூட்டிப் பார்க்கும். "மாமா, இன்னைக்குக் கூட்டினா ஒன்பது வருது, நல்ல நம்பர்" என்று சொல்லும். எனக்கு அது பழக்கமாகிப் போச்சு.

ஒரு நாள் அந்தம்மா மட்டும் ஏறுச்சு. தனியா. "ஒரு முழு அண்ணா"ன்னுச்சு.

ஐயா, ஒரு கண்டக்டர் எத்தனையோ லட்சம் டிக்கெட் கொடுத்திருப்பான். அன்னைக்கு அந்த ஒரு டிக்கெட்டைக் கொடுக்க எனக்குக் கை வரலை. "அரை டிக்கெட் எங்கம்மா?"ன்னு கேக்க வாய் வரலை. திண்டிவனம் தாண்டற வரைக்கும் அந்த சீட்டுப் பக்கமே நான் போகலை. அப்புறம் அந்தம்மாவே கூப்பிட்டுச்சு. "அண்ணா, பாப்பாவை அங்கயே சேர்த்திருக்கு. ஊர்ல வட்டிக்குப் பணம் பொரட்ட வந்தேன். மருந்துக்கு வழி பண்ணிட்டாங்க. ஆனா மாசக்கணக்கா நான் கூடத் தங்கணும், சாப்பிடணும். அவங்க அப்பா கூலி வேலை. அதுக்குத்தான் வழியில்லை" என்றது.

குழந்தை இருக்கா! அந்தச் சந்தோஷத்துல நான் அழுதேன். அந்தம்மா பணம் இல்லைன்னு அழுவுது. ரெண்டு பேரும் அழறதைப் பார்த்து டிரைவர் அண்ணன் வண்டியை ஓரம் கட்டிட்டார். (சிரிப்பு, கைதட்டல்)

அந்த வாரத்திலேயே ஒரு காலேஜ் தம்பி பஸ்ஸில் நோட்டீஸ் கொடுத்தான். புற்றுநோயாளிகளுக்கு நிதி திரட்டச் சென்னையில் நடைப்பயணம், பத்து கிலோமீட்டர். நடக்கிறவர் தெரிஞ்சவங்ககிட்ட, கிலோமீட்டருக்கு இவ்வளவுன்னு பணம் வாங்கிக் கட்டணும். "பத்து கிலோமீட்டர் நடந்தா யாருப்பா பணம் தருவாங்க?"ன்னு கேட்டேன். அந்தத் தம்பிதான் எனக்கு டெர்ரி ஃபாக்ஸ் கதையைச் சொன்னான்.

கனடா நாட்டுப் பையன். 1977-ல், 18 வயசுல, எலும்புப் புற்றுநோய் வந்து வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரியில பக்கத்துப் படுக்கைகள்ல சின்னச் சின்னப் பிள்ளைங்க படற வேதனையைப் பார்த்தான். வெளியே வந்து, செயற்கைக் காலை மாட்டிக்கிட்டு ஓடிப் பழகினான். பயிற்சியில் மட்டும் 5,000 கிலோமீட்டருக்கு மேலே! 1980 ஏப்ரல் 12-ஆம் தேதி கனடாவின் கிழக்குக் கரையில் ஆரம்பித்து, தினமும் ஏறக்குறைய 42 கிலோமீட்டர். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினான். செப்டம்பர் முதல் தேதி நெஞ்சு வலி. புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது. ஓட்டம் நின்றது. 1981 ஜூன் 28-ல் அவன் இறந்தபோது வயசு 22. அதற்குள் நாட்டு மக்கள் 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்திருந்தார்கள். இன்றைக்கும் அவன் பெயரில் உலகத்தின் பல நாடுகளில் ஓடுகிறார்கள். நம்ம சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் அந்த ஓட்டம் நடந்திருக்கிறது.

எதிரணி நண்பர்களே, அந்தப் பிள்ளைக்குப் பயம் இருந்திருந்தால் வீட்டில் படுத்திருப்பான். ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தது பக்கத்துப் படுக்கைப் பிள்ளைகள் மேல் வைத்த பாசம்! (கைதட்டல்)

ஏன், அடையாறு ஆஸ்பத்திரியே எப்படி வந்தது? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். பல வருஷம் அந்தத் துக்கத்தைச் சுமந்து, 1954-ல் 12 படுக்கைகளோடு அந்த ஆஸ்பத்திரியைத் திறந்தார். மறு வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார், 2021-ல் கண் மூடும் வரை அதையே வீடாக நினைத்து வாழ்ந்தார். பாசத்தால் கட்டின கட்டடம் அது.

சரி, நம்ம கதைக்கு வரேன். பேரைக் கொடுத்துட்டேன். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடை, பழக்கடை, வழக்கமான பயணிகள் எல்லார்கிட்டேயும் எழுதி வாங்கினேன். பூக்கார அம்மா மட்டும் உஷார். "கிலோமீட்டருக்கு ஒரு ரூபா. ஆனா நடந்து முடிச்சாத்தான் காசு. உன்னை எனக்குத் தெரியாதா?" என்றது. (சிரிப்பு)

அடுத்த நாளே நடையைக் கட்டிட்டேன். பஸ் ஸ்டாண்டுலேர்ந்து கோட்டைப் பக்கம். ஒரு பக்கம் கிருஷ்ணகிரி, ஒரு பக்கம் ராஜகிரி. முதல் வாரமே நாலு கிலோமீட்டர். டாக்டரைக் கேட்கலை. காலில் பழைய ரப்பர் செருப்பு. பாசம் வந்துட்டா அறிவு கொஞ்சம் லீவு போட்டுடும் இல்லையா?

மூணாவது வாரம். வீட்டுக்கு வந்து உட்கார்றேன். என் சம்சாரம் அலறுது, "இன்னாங்க இது, தரையெல்லாம் ரத்தம்?" பார்த்தா, கருவேல முள்ளு. செருப்பைத் துளைச்சுக்கிட்டு உள்ளங்காலில் ஏறியிருக்கு. எனக்கு வலியே தெரியலைங்க. எவ்வளவு தூரம் அதோட நடந்தேன்னும் தெரியலை. சர்க்கரை, கால் நரம்பைச் சாப்பிட்டுவிட்டது.

டாக்டர் ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொட்டுப் பார்த்தார். "தெரியுதா?" "இல்லை சார்." "இங்கே?" "இல்லை சார்." அவர் முகம் மாறிப்போச்சு. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும். வலிங்கறது உடம்பு அடிக்கிற விசில். உன் காலுக்கு விசில் அடிக்கத் தெரியலை. அதனால நீதான் தினமும் பார்க்கணும்" என்றார். கண்டக்டருக்கு விளங்கற மாதிரி சொன்னார், புண்ணியவான்.

ஆறு வாரம் படுக்கை. அப்போ வந்துச்சு ஐயா, எதிரணி சொல்ற அந்தப் பயம். நியாயமா வந்துச்சு. மறைக்காம ஒத்துக்கறேன். காலைத் தினமும் பார்க்க வச்சது பயம்தான்.

நடுவர்: அப்போ கட்சி மாறிட்டீங்களா?

இல்லீங்க ஐயா, டிக்கெட் எடுத்துட்டேன், நடுவுல இறங்க மாட்டேன்! (சிரிப்பு)

பயம் என்ன சொல்லிச்சு தெரியுமா? "காலைப் பார்த்துக்கோ"ன்னு மட்டும் சொல்லி நிறுத்தலை. "இனிமே நடக்காதே, மூலையில உட்காரு"ன்னும் சொல்லிச்சு. அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் திருப்பிக் கொடுத்துடலாம்னு இருந்தேன். பிரிச்சா, கடைசிப் பக்கத்துல கோணக் கோணலா எழுத்து. நான் படுத்திருந்தப்போ அந்தம்மா வீட்டுக்கு வந்து பார்த்துட்டுப் போயிருக்கு. கூட வந்த குழந்தை எழுதியிருக்கு. "அரை டிக்கெட், 5 ரூபாய்." உள்ளே ஒரு அஞ்சு ரூபாய்க் காசு, ஒட்டி வச்சிருக்கு.

(அரங்கில் அமைதி)

ஊசியும் மருந்துமா இருக்கிற குழந்தை, மத்த குழந்தைகளுக்காக அஞ்சு ரூபாய் போட்டிருக்கு. நான் மூலையில உட்கார முடியுங்களா?

இந்தத் தடவை நேரா டாக்டர்கிட்ட போனேன். அவர் சொன்னபடி எல்லாம் செஞ்சேன். சர்க்கரைக்காரங்களுக்குன்னே இருக்கிற எம்.சி.ஆர். செருப்பு. உள்ளே கல், முள் இருக்கான்னு தட்டிப் பார்த்துத்தான் மாட்டுவேன். ராத்திரி கண்ணாடியைக் கீழே வச்சு உள்ளங்காலைப் பார்ப்பேன். கோயில் பிராகாரத்துச் சூட்டில்கூட வெறுங்காலோட நடக்கறதில்லை. மாத்திரையைப் போட்டுட்டு வெறும் வயித்தோட நடக்கறதில்லை. பாக்கெட்டுல குளுக்கோஸ். தலை சுத்தினா, வேர்த்து நடுங்கினா, உடனே உட்கார்ந்து வாயில போட்டுக்கணும். நெஞ்சில் ஏதாவது செஞ்சா அன்னைக்கு நடையே கிடையாது, நேரா ஆஸ்பத்திரி.

முதல் வாரம் பத்து நிமிஷம்தான். என்னை எறும்பு ஓவர்டேக் பண்ணிச்சு! (சிரிப்பு) அப்புறம் வாரத்துக்கு அஞ்சு நிமிஷம் கூட்டினேன். 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிச்சதே, அந்தக் கோட்டைதான் எனக்கு வாத்தியார். 1690-ல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் படையோட வந்து முற்றுகை போட்டான். உள்ளே ராஜாராம். கோட்டை விழுந்தது 1698-ல். ராஜகிரி 800 அடி உயரம். சுல்பிகார் கானால அதை ஒரே நாளில் பிடிக்க முடியலை. உடம்பும் கோட்டைதான். நாள் கணக்கு பார்க்காம சுத்திச் சுத்தி வரணும்.

2019 ஜனவரி. சென்னை. இளவட்டம் எல்லாம் சிட்டாப் பறக்குது. நான் ரெண்டு மணி நேரம் இருபது நிமிஷத்தில் பத்து கிலோமீட்டர் முடிச்சேன். எனக்குப் பின்னால் வந்தது தண்ணி பாட்டில் பொறுக்கிக்கிட்டு வந்த தம்பிங்க மட்டும்தான். (சிரிப்பு) முடிஞ்சதும் முதல் வேலையா செருப்பைக் கழற்றிக் காலைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. நோட்டுப் புத்தகத்துக் கணக்கு 11,400 ரூபாய். பூக்கார அம்மாவின் பத்து ரூபாயும் சேர்த்து!

நடுவர் அவர்களே, முடிச்சுடறேன். பயம் பிரேக். பாசம் இன்ஜின். பிரேக் இல்லாத வண்டியில ஏறாதீங்க. முள்ளு குத்தினவன் சொல்றேன். ஆனா பிரேக்கை மட்டும் வச்சுக்கிட்டு எந்த வண்டியும் செஞ்சியை விட்டுத் திண்டிவனம் போய்ச் சேர்ந்ததில்லை! (பலத்த கைதட்டல்)

பெரியவங்களே, உங்களுக்காக நடக்கச் சோம்பலா இருந்தா, யாராவது ஒருத்தரை நினைச்சுக்கிட்டு நடங்க. பேரப் பிள்ளையை, பக்கத்து வீட்டை, முகம் தெரியாத ஒரு நோயாளியை. கால் தானா எழுந்திருக்கும்.

கடைசியா ஒன்னு. குழந்தைகளுக்கு வர ரத்தப் புற்றுநோய் நிறையப் பேருக்கு முழுச் சிகிச்சையால் குணமாகுது. நடுவுல நிறுத்தாம எடுத்துக்கணும், அவ்வளவுதான். 2025-ல் ஒரு நாள், அதே விடியற்காலை. செஞ்சியில் ரெட்டைச் சடை போட்ட ஒரு பொண்ணு அம்மாவோட ஏறுச்சு. வருஷத்துக்கு ஒரு தடவை செக்கப்புக்குப் போறாங்க. நான் பழக்கத்துல சொன்னேன், "ஒரு முழு, ஒரு அரை."

அந்தப் பொண்ணு சிரிச்சுது. "மாமா, எனக்குப் பன்னிரண்டு வயசு தாண்டிடுச்சு. ரெண்டு முழு குடுங்க."

கொடுத்தேன் ஐயா. ரெண்டு முழு.

(நெடுநேரம் கைதட்டல்)